போருக்குப் பிந்தைய போஸ்னியா: எதை முதலில் கையில் எடுத்தார்கள், எது நிலைத்தது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: இனப்போரில் பிளந்துபோன ஒரு நாட்டில் நிலைமை சீராகவும் மக்கள் மறுபடி சேர்ந்து வாழவும் முதலில் எதைக் கையில் எடுக்க வேண்டும்? போஸ்னியாவை ஒரு பேராசிரியர் வெற்றி என்கிறார், இன்னொருவர் தோல்வி என்கிறார், இதில் யாரை நம்புவது? முதுகலை ஆய்வுக்காகக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்தவர்களும், அப்படிக் காட்டிக்கொடுக்கப்பட்டுச் செத்தவர்களின் பிள்ளைகளும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் மனம் மாறினால்தான் அமைதி நிற்குமா, மனம் மாறும்வரை காத்திராமல் சேர்ந்து வாழ ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா? நீங்கள் உண்மையில் கேட்பது அதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் சட்டம் படித்தவன். போருக்குப் பிந்தைய போஸ்னியாவில் ஒரு சர்வதேச அமைப்பின் வீட்டுரிமை மீட்புப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். எனவே வீடு, நிலம், நகராட்சி அலுவலகம் பற்றி நான் சொல்வது நேரில் பார்த்தது. பள்ளிகளைப் பற்றியும் நீதிமன்றங்களைப் பற்றியும் சொல்வது தீர்ப்புகளைப் படித்தும், அந்தத் துறைகளில் இருந்த நண்பர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது. போர் மனதில் விட்டுப்போகும் காயங்களுக்கான சிகிச்சை தனித் துறை. அதைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை, அந்தப் பக்கம் போகவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூகோஸ்லாவியா உடைந்தபோது அதிலிருந்து பிரிந்த போஸ்னியாவில் 1992 ஏப்ரலில் தொடங்கி 1995 கடைசிவரை நடந்த போரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் செத்தார்கள். 1991 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை சுமார் 44 லட்சம். அதில் போஸ்னியாக்குகள் எனப்படும் முஸ்லிம்கள் 43 சதவீதத்துக்குச் சற்று மேல், செர்பியர்கள் 31, குரோவாசியர்கள் 17 சதவீதம். போர் முடியும்போது இவர்களில் பாதிப் பேர், ஏறக்குறைய 22 லட்சம் பேர், தங்கள் வீட்டில் இல்லை. மக்களை ஓட வைப்பதே அந்தப் போரின் நோக்கமாக இருந்தது. ஊர் ஊராக ஒரு இனத்தாரைத் துரத்திவிட்டு, காலியான வீட்டில் தங்கள் ஆட்களைக் குடியேற்றினார்கள். 1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகருக்கு அருகில் ஒரு விமானப்படைத் தளத்தில் பேசி முடித்து, டிசம்பர் 14 அன்று பாரிஸில் கையெழுத்திட்டார்கள். ஒரே நாடு, அதற்குள் இரண்டு ஆட்சிப் பகுதிகள் என்பது ஏற்பாடு. போஸ்னியாக்-குரோவாசியக் கூட்டாட்சிக்கு 51 சதவீத நிலம், செர்பியக் குடியரசுக்கு 49. நேட்டோ தலைமையில் சுமார் 60,000 வீரர்கள் வந்து இறங்கினார்கள்.

இதில் சந்தேகமே இல்லாத ஒன்றை முதலில் வைத்துவிடலாம். துப்பாக்கி நின்றது, மறுபடி எழவில்லை. முப்பது ஆண்டுகளாக அந்த நாட்டில் படைகள் மோதிக்கொள்ளவில்லை. போரில் எதிரெதிரே நின்ற மூன்று படைகள் 2006 தொடக்கத்தில் ஒரே ராணுவமாக இணைக்கப்பட்டன. ஒரே பாதுகாப்பு அமைச்சகம், ஒரே சீருடை. 1995இல் யாராவது இதைச் சொல்லியிருந்தால் தலைநகர் சரயேவோவில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். போஸ்னியாவை வெற்றி என்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வது உண்மை.

ஆனால் படை இருந்ததால் மட்டும் மக்கள் நடமாடத் தொடங்கிவிடவில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் எப்படி இருந்தன தெரியுமா? இரண்டு பகுதிகளுக்கும் இடையிலான எல்லைக்கோட்டில் சோதனைச்சாவடிகள் சட்டப்படி கூடாது. ஆனால் வண்டியின் எண் பலகையே ஆளைக் காட்டிக்கொடுத்தது. செர்பியப் பகுதி வண்டிகளில் சிரிலிக் எழுத்து, மற்ற இரண்டு தரப்பிலும் அவரவர் சின்னம். சின்னத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார்கள், கல்லெறிந்தார்கள், கைது செய்தார்கள். அகதிகளுக்கான ஐ.நா. ஆணையம் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பேருந்து விட்டது. சொந்தக்காரர் கல்லறையைப் பார்க்கவும், வீடு நிற்கிறதா என்று எட்ட நின்று பார்த்துவிட்டு வரவும் மக்கள் அதில் ஏறினார்கள். டேட்டன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதை மேற்பார்வையிட வெளிநாடுகள் ஒரு சர்வதேச உயர் பிரதிநிதியை நியமித்திருந்தன, சட்டம் போடவும் அதிகாரிகளை நீக்கவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. 1998இல் அவர் நாடு முழுவதற்கும் ஒரே எண் பலகையைக் கட்டாயமாக்கினார். லத்தீனிலும் சிரிலிக்கிலும் ஒரே மாதிரி இருக்கும் எழுத்துகள் மட்டும் அதில் வரும், ஊர்ப் பெயரோ பகுதிப் பெயரோ இருக்காது. வண்டி எந்த ஊருடையது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. சில மாதங்களிலேயே கோட்டைத் தாண்டும் போக்குவரத்து கூடியது. அந்த நாட்டுக்காகச் செலவான பெரும்பணத்தோடு ஒப்பிட்டால் இதற்கு ஆன செலவு அற்பம். நல்லிணக்கக் கருத்தரங்குகள் எத்தனையோ நடந்தன. அவற்றில் எதுவும் இந்தத் தகடு அளவுக்கு மக்களை எதிர்ப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்பது என் உறுதியான கருத்து.

அதே 1998 ஜூனில் பொது நாணயம் வந்தது. அதுவரை ஒரு பகுதியில் யூகோஸ்லாவிய தினார், இன்னொன்றில் குரோவாசிய குனா, மற்றொன்றில் போஸ்னிய தினார், எல்லா இடத்திலும் ஜெர்மன் மார்க். புதிய நாணயத்தை ஜெர்மன் மார்க்கோடு ஒன்றுக்கு ஒன்று கட்டினார்கள். மத்திய வங்கியின் முதல் ஆளுநர் உள்நாட்டவராக இருக்கக்கூடாது என்று டேட்டன் ஒப்பந்தமே எழுதி வைத்திருந்தது. நியூசிலாந்துக்காரர் ஒருவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லாத இடத்தில், மூன்று பேரும் சமமாகச் சந்தேகப்படக்கூடிய ஒரு வெளியாள் பயன்பட்டார். வடகிழக்கில் உள்ள பிர்ச்கோ நகரின் பக்கம் அமெரிக்க வீரர்கள் 'அரிசோனா' என்று பெயரிட்டிருந்த சாலையோரத்தில், அவர்களின் சாவடியை ஒட்டி ஒரு திறந்தவெளிச் சந்தை முளைத்தது. போர் முடிந்து சில மாதங்களில் மூன்று இனத்தாரும் அங்கே கால்நடை, துணி, சிகரெட் விற்றார்கள். அதைப் புகழ்ந்து எழுதியவை உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். அதே சந்தையில் கடத்தல் சரக்கும், பெண்களை விற்கும் கும்பலும் இருந்தன என்பதையும் சேர்த்து வாசியுங்கள். வியாபாரம் ஆட்களைச் சேர்க்கும், ஆனால் காவலும் வரியும் பின்னாலேயே வரவில்லை என்றால் போரில் பணம் பார்த்த கும்பலேதான் அமைதியிலும் பணம் பார்க்கும்.

இப்போது வீடுகளுக்கு வருகிறேன். டேட்டன் ஒப்பந்தத்தின் ஏழாம் இணைப்பு, ஓடியவர் ஒவ்வொருவருக்கும் தன் பழைய வீட்டுக்கே திரும்பும் உரிமை உண்டு என்றது. காகிதத்தில் அழகாக இருந்தது. நடைமுறையில் போர்க்கால அரசுகள் காலியான வீடுகளைக் 'கைவிடப்பட்டவை' என்று அறிவித்து வேறு ஆட்களுக்கு ஒதுக்கியிருந்தன. அந்த ஆட்களும் பெரும்பாலும் வேறெங்கிருந்தோ துரத்தப்பட்டவர்களே. மேலே நகராட்சித் தலைவர், காவலர், சில ஊர்களில் நீதிபதிகூட அடுத்தவர் வீட்டில் குடியிருந்தார்கள். மனுவை வாங்கவே மறுத்தார்கள். வாங்கினால் பதில் போட மாட்டார்கள். பதில் போட்டாலும் காலி செய்ய வைக்க மாட்டார்கள். 1999இல்தான் நிலைமை மாறியது. இரண்டு பகுதிகளின் சட்டங்களையும் உயர் பிரதிநிதி ஒரே மாதிரி ஆக்கினார். வேறு வீடு வைத்துக்கொண்டே இன்னொருவர் வீட்டில் இருப்பவருக்குக் காலி செய்ய 15 நாள், போக்கிடம் இல்லாதவருக்கு 90 நாள் என்று கெடு வந்தது. அந்த நவம்பரில் ஒரே நாளில் 22 அதிகாரிகளைப் பதவியிலிருந்து நீக்கினார். அவர்களில் பலர் வீடு திரும்புவதைத் தடுத்தவர்கள். அடுத்த வாரமே நகராட்சி அலுவலகங்களில் பேச்சின் தொனி மாறியதைப் பார்த்தேன்.

ஒரு நாளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பிரியேதோர் பக்கம் ஒரு கிராமம். 1992 மே கடைசியில் அந்த நகரில் செர்பியர் அல்லாதவர்கள் வீட்டில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும், வெளியே வந்தால் கையில் வெள்ளைப் பட்டை அணிய வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். பக்கத்திலேயே ஒமார்ஸ்கா சுரங்கத்தில் வதைமுகாம் இருந்தது. வீட்டுக்கு உரிமையாளர் அதிலிருந்து உயிரோடு வந்த ஒரு போஸ்னியாக் முதியவர். குடியிருந்தவர் ஒரு செர்பிய விதவை, 1995 இலையுதிர் காலத்தில் சான்ஸ்கி மோஸ்த் ஊரிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு ஓடி வந்தவர். சான்ஸ்கி மோஸ்தில் அவருடைய வீட்டில் இருந்ததோ பிரியேதோரிலிருந்து துரத்தப்பட்ட இன்னொரு போஸ்னியாக் குடும்பம். ஒருவர் நகர்ந்தால்தான் அடுத்தவர் நகர முடியும். அதனால்தான் இந்த வேலையை ஏதாவது ஒரு பக்கத்தில் மட்டும் தொடங்குவது நடக்கவில்லை, நாடு முழுவதும் ஒரே சமயத்தில் தள்ள வேண்டியிருந்தது. அன்று நகராட்சி வீட்டுப் பிரிவு அலுவலர், இரண்டு காவலர்கள், ஒரு பூட்டுக்காரர் வந்தார்கள். காலி செய்து போகும் பலர் சுவிட்ச் பலகை, கதவு நிலை, கழிப்பறைப் பீங்கான்வரை கழற்றிக்கொண்டு போவார்கள். அந்த அம்மாள் எதையும் கழற்றவில்லை. அலுவலர் அறை அறையாகப் போய்ப் பட்டியல் எழுதினார், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாவியைக் கொடுத்த பிறகு அந்த அம்மாள் அலுவலரிடம், கொல்லையில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன், அது யாருக்கு என்று கேட்டார். அலுவலர் கிழவரைப் பார்த்தார். "அவர் போட்டது, அவரே வந்து எடுத்துக்கொள்ளட்டும்" என்றார் கிழவர். அறுவடைக்கு அந்த அம்மாள் தன் மகனை அனுப்பியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர்கள் நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், ஆகவில்லை. ஆனால் ஒரு பத்திரத்தை வைத்துக்கொண்டு, கத்தாமல், ஒரு விவகாரத்தை முடித்தார்கள். நிலைத்தன்மை என்று நான் சொல்வது இதைத்தான்.

நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. 2000களின் நடுப்பகுதிக்குள் அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் முடிந்தன. வேறு எந்த இனப்போருக்குப் பிறகும் இந்த அளவில் வீடுகள் உரியவர் கைக்குத் திரும்பவில்லை என்று தயங்காமல் சொல்வேன். 2004இல் திரும்பி வந்தவர்கள் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது. அதில் ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர் தங்கள் இனம் சிறுபான்மையாகிவிட்ட ஊர்களுக்குத் திரும்பியவர்கள். இதுவரை சொன்னது உறுதி. அடுத்தது கவனமாகப் பார்க்க வேண்டியது. வீட்டைத் திரும்பப் பெற்றவர்களில் பெருந்தொகையினர் அதை விற்றார்கள், அல்லது எதிர்ப்பகுதியில் இருந்தவரோடு மாற்றிக்கொண்டார்கள். வீட்டை மீட்டது பதிவேட்டில் ஏறியது, அங்கேயே தங்கினாரா என்பது அதே துல்லியத்தோடு ஏறவில்லை. திரும்பியவருக்கு வேலை கிடைக்கவில்லை. ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் இரண்டு பகுதிகளிலும் தனித்தனி, கோட்டைத் தாண்டினால் சிக்கல். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். அதனால் வயதானவர்கள் திரும்பினார்கள், இளையவர்கள் சரயேவோவிலோ வியன்னாவிலோ தங்கிவிட்டார்கள். ஸ்ரெப்ரெனிட்சா நகராட்சியில் போருக்கு முன் 36,000 பேருக்கு மேல் இருந்தார்கள், 2013 கணக்கெடுப்பில் 13,000 சொச்சம். அதே பிரியேதோர் பக்கம் கோசராட்ஸ் ஊரில் மட்டும் போஸ்னியாக்குகள் கூட்டமாகத் திரும்பி ஊரையே கட்டி எழுப்பினார்கள். அங்கே வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பணமும், எல்லாரும் ஒன்றாகப் போகலாம் என்ற முடிவும் கைகொடுத்தன. ஒருவராகத் திரும்புவதற்கும் ஊராகத் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் ஆய்வில் தவறவிடாதீர்கள்.

காணாமல் போனவர்கள் விஷயத்தில் போஸ்னியா செய்ததை உலகமே கற்றுக்கொள்ளலாம். சுமார் 31,500 பேர் காணாமல் போயிருந்தார்கள். ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் 8,000க்கும் மேற்பட்ட போஸ்னியாக் ஆண்களையும் சிறுவர்களையும் செர்பியப் படையினர் கொன்ற பிறகு, குற்றத்தை மறைக்க மண்வாரி எந்திரங்களால் புதைகுழிகளைத் தோண்டி உடல்களை வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு மூன்று இடங்களில் கிடைத்தன. உடையையும் பல்லையும் வைத்து அடையாளம் காணவே முடியாத நிலை. 1996இல் அமைக்கப்பட்ட காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணையம், உறவினர்களின் ரத்த மாதிரியை எடுத்து எலும்பின் மரபணுவோடு ஒப்பிடும் முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. காணாமல் போனவர்களில் முக்கால் பங்குக்கும் மேலானவர்கள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டார்கள். இன்னும் ஏழாயிரம் பேர் அளவுக்கு மிச்சம். 2013இல்கூட பிரியேதோர் அருகே தொமாஷிட்சாவில் நானூறுக்கும் மேற்பட்டோர் புதைந்த குழி ஒன்று திறக்கப்பட்டது. குழி எங்கே என்று அந்த ஊரில் பலருக்கு இருபது ஆண்டுகளாகத் தெரிந்திருக்கும். ஒரு தாய் தன் மகனின் எலும்பைப் புதைக்காதவரை அவரிடம் போய் எதிர்காலத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று நான் நினைக்கிறேன். இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. ஆய்வகம் எலும்பின் இனத்தைக் கேட்பதில்லை. செர்பியத் தாயும் போஸ்னியாக் தாயும் ஒரே இடத்தில் ரத்தம் கொடுத்தார்கள். சேர்ந்து துக்கம் காப்பது அபூர்வமாக நடந்தும் இருக்கிறது. 1995 மே 25 அன்று துஸ்லா நகரின் மையத்தில் ஒரே பீரங்கிக் குண்டுக்கு 71 பேர் பலியானார்கள், பெரும்பாலும் இளையோர். மதம் பார்க்காமல் அவர்களில் பெரும்பாலானோரை ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள். இனக் கட்சிகளிடம் போகாத நகராட்சி நிர்வாகம் அங்கே இருந்தது என்பது இதில் முக்கியம்.

நீதிமன்றங்களைப் பற்றி மட்டும் நான் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். ஹேக் நகரில் 1993இல் தொடங்கி 2017இல் முடிந்த முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் 161 பேர் மீது குற்றம் சாட்டியது. ஒருவர்கூடத் தப்பி மறைந்து வாழ முடியவில்லை. போர்க்காலத்தில் போஸ்னிய செர்பியர்களின் அரசியல் தலைவராக இருந்த கராஜிச்சும் படைத்தளபதியாக இருந்த ம்லாதிச்சும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலை என்று அந்தத் தீர்ப்பாயமும், 2007இல் சர்வதேச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. சட்டப்படி இதில் விவாதத்துக்கே இடமில்லை. தீர்ப்புகள் ஒரு ஆவணக் களஞ்சியத்தையும் விட்டுச் சென்றன. நாளைக்கு யார் எதை மறுத்தாலும் எடுத்துக்காட்ட ஆதாரம் இருக்கிறது. ஆனால் தீர்ப்பு மக்களைச் சமாதானப்படுத்தியதா என்று கேட்டால், அதற்கான சான்று எனக்குத் தெரிந்தவரை பலவீனமானது. செர்பியத் தலைவர்களில் ஒருவரான பில்யானா ப்லாவ்ஷிச் 2002இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு வருத்தமும் தெரிவித்தார். உலகம் அதைப் பெரிய திருப்பமாகக் கொண்டாடியது. பிறகு சிறையிலிருந்தே, தண்டனை குறையத்தான் அப்படிச் சொன்னேன் என்று பேட்டி கொடுத்தார். 2009இல் விடுதலையாகி வந்தபோது செர்பியாவின் பெல்கிரேட் நகரில் அவரை மரியாதையோடு வரவேற்றார்கள். 2021 ஜூலையில் இனப்படுகொலையை மறுப்பதை உயர் பிரதிநிதி குற்றமாக்கினார், செர்பியப் பிரதிநிதிகள் நாட்டின் பொது அமைப்புகளைப் புறக்கணித்தார்கள். இதனால் விசாரணையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கொலைகாரன் நகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஊருக்கு யாரும் திரும்பிப் போக மாட்டார்கள். அவனை அகற்றியது வீடு திரும்ப உதவியது. நீதிமன்றத்திடம் எதிர்பார்க்க வேண்டியது தண்டனையும் ஆவணமும். நட்பை அதனிடம் கேட்டால் ஏமாற்றம்தான்.

பள்ளிகளில் போஸ்னியா தோற்றது. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூட்டாட்சிப் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் 'ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளிகள்' என்ற ஏற்பாடு வந்தது. ஒரே கட்டடம், இரண்டு தலைமையாசிரியர்கள், இரண்டு பாடத்திட்டங்கள். பல இடங்களில் தனித்தனி வாசல், சில இடங்களில் இடையில் வேலி. திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளை எப்படியாவது கட்டடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று தற்காலிகமாகச் செய்தது நிரந்தரமாகிவிட்டது. 2014இல் கூட்டாட்சியின் உச்ச நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தும் பெரிதாக எதுவும் மாறவில்லை. பிள்ளைகள் பிரிந்தே வளர்ந்தால்தான் நாளைக்கு வாக்குகளும் பிரிந்தே விழும் என்பது கட்சிகளுக்குத் தெரியும். ஆனால் 2016இல் யாய்ட்சே ஊரில் ஒரு புதிய தனிப்பள்ளி தொடங்க முயன்றபோது, போஸ்னியாக் மாணவர்களும் குரோவாசிய மாணவர்களும் சேர்ந்து தெருவில் இறங்கி அதை நிறுத்தினார்கள். அதற்காக 2018இல் அவர்களுக்கு, சிறுபான்மையினர் நலனுக்கான பணிக்கு ஐரோப்பாவில் வழங்கப்படும் மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் விருது கிடைத்தது. அந்தப் பிள்ளைகள் போருக்குப் பின் பிறந்தவர்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது.

பள்ளிகளைச் சேர்க்கவே முடியாதா என்றால், பிர்ச்கோ இருக்கிறது. இரண்டு பகுதிகளும் விட்டுக்கொடுக்க மறுத்த அந்த ஊரின் முடிவை டேட்டன் நடுவர் மன்றத்துக்கு விட்டது. 1999இல் நடுவர் மன்றம் அதை யாருக்கும் கொடுக்காமல், இரண்டுக்கும் பொதுவான தனி மாவட்டமாக்கியது. அமெரிக்க மேற்பார்வையாளர் ஒருவர் நாள்தோறும் அங்கே உட்கார்ந்திருந்தார். ஒரே நகராட்சி, ஒரே காவல்துறை, ஒரே நீதிமன்றம். 2000இல் மாணவர்களே இனவாரியாகப் பிரிந்து தெருவில் மோதும் அளவுக்குப் போனது. ஆனாலும் 2001இலிருந்து எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். எழுதவும் பேசவும் அவரவர் வழக்கு, அவரவர் லிபி, இதில் ஆசிரியர் தலையிடக் கூடாது. ஆசிரியர் சம்பளத்தை உயர்த்தினார்கள், இது சின்ன விஷயமில்லை. இதற்கு நேரெதிரான உதாரணம் மோஸ்டார் நகரம். அதன் புகழ்பெற்ற பழைய பாலம் 1993 நவம்பரில் தகர்க்கப்பட்டு, 2004 ஜூலையில் அதே மாதிரிக் கல்லால் மறுபடி கட்டித் திறக்கப்பட்டது. உலகத் தலைவர்கள் வந்தார்கள், நல்லிணக்கத்தின் சின்னம் என்றார்கள். அந்த நகரில் இன்றும் இரண்டு பல்கலைக்கழகங்கள், இனத்துக்கு ஒன்றாக இரண்டு கால்பந்துக் கழகங்கள். குப்பை அள்ளும் நிறுவனங்கூட நெடுங்காலம் இரண்டாக இருந்தது. 2008க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. வாக்குரிமை பறிபோன ஒரு நகரவாசி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய் 2019இல் வென்ற பிறகு, 2020 டிசம்பரில்தான் நடந்தது. பாலத்தைக் கட்டியது தவறில்லை. நகராட்சியைக் கட்டாமல் விட்டதுதான் தவறு.

இரண்டு ஊருக்கும் என்ன வித்தியாசம்? என் கணிப்பில், பிர்ச்கோவில் உரிமையும் பணமும் தனிமனிதருக்கு நேரடியாகப் போயின. மற்ற இடங்களில் எல்லாமே இனத்தலைவர் கை வழியாகப் போயின. டேட்டன் அரசியல் சட்டத்தின் கோளாறும் இதுதான். நாட்டுக்கு மூன்று பேர் கொண்ட தலைமை. ஒரு போஸ்னியாக், ஒரு குரோவாசியர், ஒரு செர்பியர், எட்டு மாதத்துக்கு ஒருவர் தலைவர். இந்த மூன்றில் சேராதவர் போட்டியிடவே முடியாது. ஒரு யூதரும் ஒரு ரோமா இனத்தவரும் தொடுத்த வழக்கில், இது பாகுபாடு என்று 2009 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியல் சட்டம் இன்னும் அதற்கேற்பத் திருத்தப்படவில்லை. போரை நடத்தியவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் போர் நிற்கும் என்ற நிலையில் எழுதிய சட்டம் அது. அவர்கள் கேட்டதைக் கொடுத்தார்கள். 1996 செப்டம்பரில், போர் நின்று ஓராண்டுகூட ஆகாதபோது, அவசரமாகத் தேர்தலும் வைத்தார்கள். பயந்துபோன மக்கள் தங்கள் இனத்தைக் காப்பாற்றுவோம் என்றவருக்கே வாக்களித்தார்கள், அந்தக் கட்சிகள் வேரூன்றிவிட்டன. போஸ்னியா தோல்வி என்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள், அவர்கள் சொல்வதும் உண்மை.

ஆகவே வரிசை கேட்டீர்களே, இதுதான் என் வரிசை. ஆயுதம் அடங்குவது, வழி திறப்பது, கொன்றவரைப் பதவியிலிருந்து எடுப்பது, வீட்டைத் திருப்பித் தருவது, இறந்தவரைத் தேடித் தருவது. இவற்றுக்கு யாருடைய மனமாற்றமும் தேவையில்லை. சட்டமும் அதைச் செயல்படுத்தும் ஆளும் போதும். போஸ்னியாவில் இவை எல்லாம் நடந்தன. பள்ளியையும் ஓய்வூதியத்தையும் வேலையையும் இவற்றோடு சேர்த்தே, வெளியார் செல்வாக்கு உச்சத்தில் இருந்த 1998 முதல் 2003 வரையான காலத்திலேயே முடித்திருக்க வேண்டும். தேர்தல் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப் போயிருக்கலாம் என்பது என் கருத்து. இதை மறுக்கும் நல்ல அறிஞர்கள் உண்டு. வெளியாள் ஆண்டுகொண்டே இருந்தால் உள்ளூர்த் தலைவர்கள் பொறுப்பேற்கவே மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம், அதிலும் நியாயம் இருக்கிறது. உயர் பிரதிநிதி பதவி இன்றும் தொடர்கிறது. அவருடைய முடிவுகளை மதிக்கவில்லை என்பதற்காக செர்பியக் குடியரசின் அப்போதைய தலைவர் டோடிக்கை 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் தண்டித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் படை சிறிய அளவில் இன்னும் அங்கே இருக்கிறது. அது போனால் போர் வருமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 1992இல் இருந்த ஆயுதக் கிடங்குகளும் கட்டாயப் படைச்சேர்ப்பும் இன்று இல்லை, இளைஞர்கள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகவே வரிசையில் நிற்கிறார்கள். எனவே அந்த மாதிரிப் போர் வர வாய்ப்பு குறைவு. ஓர் ஊரில் ஒரு கலவரம், அதை அடக்க ஆளில்லாமல் அது பரவுவது, இந்த ஆபத்து இருக்கிறது. அந்தச் சிறிய படை நிற்பதற்கு எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

ஆய்வுக்கு என் யோசனை: நாடு முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல், பிர்ச்கோவையும் மோஸ்டாரையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மக்கள் ஒருவரையொருவர் நம்புகிறார்களா என்று கேட்கும் கருத்துக்கணிப்புகளை அதிகம் நம்பாதீர்கள், அந்தக் கேள்விக்கு அன்றைய தொலைக்காட்சிச் செய்தியைப் பொறுத்துப் பதில் மாறும். அதற்குப் பதிலாக, வீட்டை மீட்டவர்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளியிலேயே படிக்கிறார்கள், நகராட்சி வேலையில் சிறுபான்மை இனத்தவர் எத்தனை பேர், மற்ற இனத்தவர் நடத்தும் கடையில் எத்தனை பேர் சம்பளத்துக்கு இருக்கிறார்கள் என்று பாருங்கள். பிர்ச்கோவின் மேற்பார்வை 2012 ஆகஸ்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டையும் பிந்தைய பத்தாண்டையும் ஒப்பிட்டால், வெளியாள் போன பிறகும் அந்த ஏற்பாடு தானாக நிற்கிறதா என்று தெரியும். உங்கள் இரண்டு பேராசிரியர்களின் விவாதத்துக்கும் அதில் பாதிப் பதில் கிடைத்துவிடும்.